என் கல்லறைச் சிலுவை வந்து சேர்ந்தது

அன்புப் பேத்தி அஃப்ராவுக்கு, இன்னும் சாகாத உன் பாட்டி க்ரெஸென்ஸ் எழுதுவது.

அன்றைக்குப் பாலத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான். முட்டை வேனை ஓட்டி வந்த வால்புர்கா. மூன்று வருஷம் தன் பட்டறையில் வைத்து உனக்கு இரும்படிக்கச் சொல்லிக்கொடுத்த லோய்பல் மாஸ்டர். அக்கரையிலிருந்து வந்த நீ. வேறு ஒருவரும் இல்லை. உன் அப்பா இல்லை.

நீ பார்த்தது பாலத்தில் நடந்ததை மட்டும்தான். நாங்கள் அங்கே வந்து சேர்ந்த கதை உனக்குத் தெரியாது.

புதன்கிழமை போன் அடித்தது. நீ வேலை செய்யும் பட்டறைக்காரரின் மனைவி. "பாட்டிக்கு இன்னும் மூச்சு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இருக்கு. அதனாலதான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். முந்தின நாள் உன் அப்பா பேசினானாம். பாட்டிக்குக் கடைசி மூச்சு இழுக்கிறது, உடனே அனுப்புங்கள் என்றானாம். நீ விடிந்ததும் கிளம்பிவிட்டாயாம். நாட்டைச் சுற்றித் தொழில் பழகுகிறவர்கள் கையில் போன் இருக்கக் கூடாது என்பது உங்கள் சங்கத்துச் சட்டம். உன்னை எப்படித் தடுப்பது?

ஏணியிலிருந்து விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது உண்மைதான். அதற்காகச் சாவா? மத்தியானம் உன் அப்பா வந்ததும் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சாவுன்னா மட்டும் சங்கத்துச் சட்டத்துல விலக்கு கொடுத்து ஊருக்குள்ள வர விடுவாங்கம்மா. ஒரு வேளை நம்ம வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டாள்னா திரும்பப் போக மாட்டா. கடையில அவளுக்கு இடம் வச்சிருக்கேன்" என்றான். அவனுடைய சமையலறை அலமாரிக் கடை!

வாக்கரைத் தள்ளிக்கொண்டு லோய்பல் மாஸ்டரிடம் போனேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "மூணு வருஷமும் ஒரு நாளும் முடியாம, வீட்டைச் சுத்தி அம்பது கிலோமீட்டருக்குள்ள கால் வைக்கக் கூடாது. சாகாத பாட்டிக்கு விலக்கு ஏது? பொய் யார் சொன்னதுன்னு சங்கம் கேக்காது. நடந்த ரெண்டு வருஷமும் போச்சு, முதல்லேர்ந்து நடக்கணும்" என்றார். நீ கிளம்பும்போது வரைபடத்தில் போட்டுவைத்த வட்டத்தை எடுத்துப் பார்த்தோம். உன் வழியில் அது நாப் ஆற்றுப் பாலத்தின் நடுவே போகிறது. நீ அங்கே வருவதற்குள் நான் போய் நிற்க வேண்டும். மாஸ்டருக்கோ கண்ணில் புரை, வண்டி ஓட்ட முடியாது.

எங்கள் தெருவில் மிச்சம் இருந்த வண்டி வால்புர்காவுடையது. அவளோடு நான் பேசி முப்பத்தொரு வருஷம். மாதா கோவில் திருவிழாவுக்கு நான் செய்த பிளம் கேக்கைக் கடையில் வாங்கியது என்று ஊரெல்லாம் சொன்னவள். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கேக்கு கடையில வாங்கினதுன்னு ஒத்துக்கிறியா?" செத்தாலும் ஒத்துக்க மாட்டேன் என்றேன். "சரி, காலையில வந்து ஏறு. வழியில செத்துகித்து வைக்காத, முட்டையில நாத்தம் ஏறும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பாலத்தில் நின்றோம். மாஸ்டர் சாக்பீஸால் கோடு கிழித்தார். பிறகு கறுப்புத் தொப்பியும் தோளில் சாக்கு மூட்டையுமாக நீ வந்தாய். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாய். "கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுடி! பாட்டி சாகல! உங்கப்பன் பொய் சொல்லிட்டான்!" என்று மாஸ்டர் கத்தினார். பூட்ஸ் நுனி கோட்டில் இடிக்க நின்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சட்டம் உனக்குத்தான், எனக்கில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். அதற்குப் பிறகு நாம் அழுததை எழுத வேண்டியதில்லை.

அந்தச் சாக்கை நீ முதுகுக்குப் பின்னால் மறைத்ததை வால்புர்கா விடவில்லை. பிரித்தால் இரும்புச் சிலுவை, அதில் என் பெயர், பிறந்த வருஷம். "ஆள் போறதுக்கு முன்னாடியே வீடு தயார்!" என்று சிரித்தாள். "பழகறதுக்கு அடிச்சது பாட்டி, பேரை மட்டும்தான் முந்தாநேத்து ராத்திரி வெட்டினேன். திரும்ப உலையில போட்டுடறேன்" என்று நீ தவித்தாய். மாஸ்டர் அதை வாங்கி, கையும் தண்டும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஆணி இல்லை, பற்றவைப்பு இல்லை. இரண்டு இரும்பை வெள்ளையாகக் காய்ச்சி, அடித்தே ஒன்றாக்கியது. "ஒட்டு எங்கடி?" என்றார். "இருக்கு மாஸ்டர், தேடுங்க" என்றாய். நகத்தை வைத்தும் தேடினார், கிடைக்கவில்லை. நீ செய்ததையெல்லாம் இரும்புக் குப்பையில் எறிந்த மனுஷன், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றினார். எத்தனை பேருக்குத் தன் சிலுவையைத் தானே பார்க்கக் கொடுத்துவைக்கும்?

போன் செய்த அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். உனக்கு இந்த ஒட்டைச் சொல்லிக்கொடுத்த அவள் புருஷனுக்கும் சொல். வால்புர்காவுக்கு நானே சொல்லிவிட்டேன், ஆனால் கேக்கு விவகாரம் அப்படியேதான் இருக்கிறது. எல்லோரையும்விட உனக்குத்தான் நன்றி. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாய்.

சிலுவை இப்போது அடுப்போரம் நிற்கிறது. கைத்துணி காயப்போட வசதியாக இருக்கிறது. இறந்த வருஷத்துக்கு நீ விட்ட இடத்தில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டேன். அவசரமில்லை. கற்க வேண்டியதை எல்லாம் கற்றுக்கொண்டு, நாள் முடிந்த பிறகு வா. அதுவரை நான் இருப்பேன்.

தீப்பொறி உன் கண்ணைத் தொடாமல் இருக்கட்டும். போகிற ஊரெல்லாம் சூடான சூப்பும் நல்ல உலையும் கிடைக்கட்டும்.

உன் அப்பா தினமும் வந்து விறகை அடுக்கிவைத்துவிட்டு, பேசாமல் போகிறான். இளைத்துவிட்டான். அவனுக்கு நீ இரண்டு வரி எழுது. மகள் மன்னிக்கலாம், யாராவது ஒருவர் மன்னித்தாக வேண்டும். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. இந்த உலகத்தில் நான் மன்னிக்காத ஆள் இனி ஒருவன்தான்: நான் பெற்ற கோர்பீனியன்.