நாடாளுமன்றத்தில் நான் சொன்ன சம்மதம்

எடின்பரோ, ஜனவரி 1707

பிரியமானவளே,

நான் நலம். கையில் கட்டு சின்னதுதான்.

இங்கிலாந்தோடு நம் நாட்டை இணைக்கும் தீர்மானத்துக்கு இன்று வாக்கெடுப்பு. உன் அண்ணன் நினியன் எதிர்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "சம்மதம்" என்றேன். இணைந்தால் அவர்கள் சந்தைகள் நமக்குத் திறக்கும், தானியமும் வரும்; நம் குடியானவர்கள் பஞ்சத்தில் சாவதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வெளியே ஒரு மீன்காரி என் வண்டியை மறித்தாள். "ஏன் பிரபுவே, நாட்ட வித்தாச்சு, பொண்டாட்டிய எப்ப விக்கப்போறீரு?" கூட்டம் சிரித்தது, பிறகு கல் வந்தது. என்னைக் கூட்டத்திலிருந்து இழுத்துக் காப்பாற்றியவர் நினியன்தான். "தங்கச்சிக்காக வந்தேன். இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க மாப்பிள்ளை" என்றார்.

செய்தி அங்கே பரவுவதற்குள் பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போய்விடு. உனக்குக் கதவு திறப்பார். நான் செய்தது சரியா என்று எழுதாதே. பத்திரமாகச் சேர்ந்தாயா என்று மட்டும் எழுது.

உன் கணவன்