பதினைந்து நாள் என்று சொன்னது நான்தான்

என் பிரியமான மச்சானுக்கு,

நீ போன பிறகு நான் வாயடக்கத்தோடு இருப்பதாக நினைத்தாயா? கேள்.

எந்த வீட்டுக்காரர் எந்த நாள் ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்கிற நம் பாடு முறையைக் கைபேசியில் ஏற்றப் போகிறார்கள். சங்கக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்துவிட்டேன். உன் மகள் தேவகி சென்னையில் அந்த வேலைதானே பார்க்கிறாள்? ஒரு சாப்ட்வேர் செய்ய எத்தனை பேர், எத்தனை நாள், என்ன செலவு என்று முன்கூட்டியே மதிப்பிடுவது. அவளைக் கேட்காமல் ஏழு நாட்டுக்காரர்கள் மூச்சு விடுவதில்லை, பதினைந்தே நாளில் முடித்துத் தருவாள் என்றேன்.

அவளோ எல்லாம் விசாரித்துவிட்டு நாலு மாதம் என்று எழுதிக் கொடுத்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. எண்பது வீடு, மூன்று இடம். இதற்கா நாலு மாதம்? கம்பெனி புத்தியைச் சொந்த ஊரிலேயே காட்டுகிறாளோ? அனுப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து வண்டியில் கூட்டி வரும்போது கேட்டேவிட்டேன்.

"வீட்ட எண்ணுனா பத்தாது மாமா. முறை அன்னிக்கு காத்து அடிச்சா இன்னா, சாவு வுழுந்தா இன்னா, ரெண்டு பேர் மாத்திக்கினா இன்னானு எண்ணணும். ஒவ்வொண்ணுக்கும் தனி வேலை."

நான் நம்பவில்லை, மச்சான். உன் மகளை நம்பவில்லை.

அதற்குள் தலைவரின் மருமகன் பொன்னேரியிலிருந்து இதே வேலை செய்கிற ஒருவரை அழைத்து வந்தான். அவர் பத்தே நாள் என்று எழுதிக் கொடுத்தார். ஊரே குளிர்ந்துவிட்டது. எனக்குத்தான் உறுத்தியது. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதே பதினைந்து. அதற்கும் கீழே ஒருவர் எப்படிப் போவார்?

இரண்டு தாளையும் வாங்கி தேவகியை வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். அவள் தாளில், கணவர் இறந்த வீட்டின் பாடு, ஆறு நாள் வேலை என்று ஒரு வரி. அந்தத் தாளில் அது இல்லவே இல்லை. உன் பாடு இப்போது என் தங்கச்சி கன்னியம்மாவுடையது. வேறு ஆளை அனுப்பிப் பாதி மீன் வாங்கிக்கொள்கிறாள். அதில்தான் அடுப்பு எரிகிறது. அந்த வரி இல்லையென்றால் உன் பெயரைத் தாண்டி முறை அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் அந்த மருமகனுடையது. தெரிந்தே அந்த வரியை விட்டார்களா, தெரியாமல் விட்டார்களா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கூட்டத்தில், பதினைந்து நாள் என்றது நான் அளந்து விட்டது என்று ஒப்புக்கொண்டேன். மருமகன் விடுவானா?

"அப்ப அந்த ஏழு நாடு?"

"அதுல நாலு நானா சேத்தது. ஆனா இந்த ஆறு நாள வெட்டுனா என் தங்கச்சி எங்கப்பா போவா?"

பொன்னேரிக்காரர் தாளை வாங்கி மடித்து, மறுபடி எண்ணிவிட்டு வருகிறேன் என்று போனார். வந்தால் பத்து என்று சொல்லமாட்டார். தலைவர் மட்டும், பெண் பெயரைப் பட்டியலில் போடுவதுபற்றிப் பிறகு பேசலாம் என்றார். அந்தப் 'பிறகு' எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே மச்சான், அவள் முறை நாளில் கன்னியம்மா என்ற பெயர் திரையில் வருவதை என் கண்ணால் பார்க்கும்வரை, யார் எத்தனை குறைந்த நாள் சொன்னாலும் என் கையெழுத்து அந்தத் தாளில் விழாது. இதில் மட்டும் ஒரு சொல் கூட்டவில்லை.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
எல்லப்பன்