தெருப் பக்கத்து மூலை

செத்த உடம்புக்கும் சூடு பார்த்துத் தண்ணீர் ஊற்றிய என் தேவகி அக்காவுக்கு,

அன்றைக்கு உன் வாசலில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நான், பூங்காவனம். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் பாதியில் போட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த நூர்ஜகான். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் கோவில்பட்டிப் பெண் பிரியா. அவள் மாமியாரை நீதான் குளிப்பாட்டினாய், நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை ஏற்றிவந்த வேன்காரன் ஏழுமலை. நீ குடியிருந்த அறைக்குச் சொந்தக்காரர் சண்முகம். மாலை கொண்டுவந்த பூக்காரர். அவர் பெயர் தெரியாது, கேட்டு வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு பேர். அதில் பெண்கள் மூன்று பேர்.

நம் மகளிர் மன்றத்தில் அன்றைக்கு இருபத்து நாலு பேர் இருந்தார்கள், அக்கா. வந்தது நானும் நூர்ஜகானும்தான். பிரியா மன்றத்து ஆளே கிடையாது.

போன வாரம் ஜெயா டீச்சர் வீட்டுக்கு வந்தார். மன்றத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். உன்னைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க பூங்காவனம்மா. அவங்க சேவை, அவங்க சிரிப்பு, அந்த மாதிரி" என்றார். நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரியாது என்றேன். "எவ்ளோ வேணா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது அவர்தான். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

மலர் படிக்கிற புதுப் பெண்களுக்கு நீ யார் என்று தெரியாது. நீ ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்று, காட்டுப்பாக்கத்தில் ஒரே ஒரு அறையில் குடியிருந்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இங்கே ஃபிளாட்டுகள் வந்த புதிதில், ஒரு வீட்டில் ஒரு பெரியம்மா இறந்துபோனார்கள். மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை. சொந்தக்காரர்கள் வந்து சேர ஒரு நாள் ஆகும். யார் குளிப்பாட்டுவது, எப்படிப் புடவை கட்டுவது, ஒன்றும் தெரியாமல் அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நீ பால் வாங்கப் போனவள் அதைப் பார்த்தாய். நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"இன்னாமே பூங்காவனம், வூட்ல பழைய பொடவ ரெண்டு கீதா? எடுத்துகினு வா."

"எதுக்குக்கா?"

"ஒரு பொம்பளய நடு வாசல்ல குளிப்பாட்டணும். ஊரு பாக்கவா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு மூலைக்கு நாலு பேர் புடவையை விரித்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இரண்டு பேர். தலைமாட்டில் எப்போதும் நீ. தண்ணீரை முதலில் உன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பாய். "கொஞ்சம் திரும்பு கண்ணு, முதுகு மட்டுந்தான், தோ ஆச்சு" என்று உடம்போடு பேசுவாய். வெளியே நிற்கிற எங்களுக்குத்தான் திட்டு. "ஏ செல்வி, கொடிக்கம்பம் கணக்கா நிக்கிறியே, வெளிம்ப கால்ல மிதிமே! காத்து வந்தா பறக்கும்." ஆம்பளை யாரும் துணியைத் தொடக் கூடாது, துணி விலகக் கூடாது. உனக்கு இருந்தது இந்த இரண்டு சட்டம்தான்.

மன்றத்துக்குத் தலைவி வந்தது நாலைந்து வருஷம் கழித்து. தலைவி என்று மட்டும் எழுதுகிறேன். பெயரை எந்த இடத்தில் எழுத வேண்டுமோ அந்த இடத்தில் எழுதுவேன். அவள் வந்த பிறகு நமக்குப் பலகை வந்தது, வாட்ஸ்அப் குழு வந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரி கத்தரிப்பூ கலர் புடவை வந்தது. அந்தப் புடவை தண்ணீர் பட்டால் சாயம் போகும். அதனால் அதைக் கட்டியவர்கள் யாரும் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை. நான் சண்டைக்குப் போனபோது நீ சிரித்தாய். "அவ பேசட்டும்மே, மைக்குன்னா யாராவது பேசித்தான் ஆவணும். நமக்கு இன்னா, நாம குளிப்பாட்டுவோம்." அந்தச் சிரிப்பைத்தான் ஜெயா டீச்சர் எழுதச் சொன்னார் போலிருக்கிறது.

இன்னொன்றும் நீ அடிக்கடி சொல்வாய். "எனக்கு இன்னா கவல? என்னத் தூக்கறதுக்கு ஆள் இல்லன்னாலும் மறைக்கறதுக்கு நீங்க இத்தினி பேரு கீறீங்க."

மூன்று நாள் காய்ச்சல். விடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். பத்து மணிக்கு உன்னை வாசலில் இறக்கினோம். சுடுகாட்டில் ஒரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், தவறினால் மறுநாள். நான் குழுவில் பேசி அனுப்பினேன். "தேவகி அக்கா போய்ட்டாங்க. குளிப்பாட்டணும். மூலைக்கு ஆள் வேணும். ஒடனே வாங்க." எல்லோரும் கேட்டார்கள். நீல டிக் விழுந்ததை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அன்றைக்குப் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. நம் மன்றத்துக்கு ஏதோ கேடயம் தருகிறார்கள். ஆட்டோ ஏறினால் கால் மணி நேரத்தில் உன் வாசல். பத்து நாற்பதுக்குத் தலைவியிடமிருந்து பதில் வந்தது. ஒரு கும்பிடு பொம்மை. அதற்குக் கீழே, "ஆழ்ந்த இரங்கல். விழா முடிந்ததும் அனைவரும் வருகிறோம்."

பக்கத்துப் பெண்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்ட நேரம். இருந்த இரண்டு பேரில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி, இன்னொருத்தி படுத்த படுக்கை. என் மருமகள் அம்பத்தூரில் கம்பெனிக்குள்ளே, போன் வெளியே லாக்கரில். பன்னிரண்டு வரைக்கும் பார்த்தேன். அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை.

உடம்பைத் திருப்ப உள்ளே இரண்டு பேர் வேண்டும். அதனால் நானும் நூர்ஜகானும் உள்ளே. சுவர்ப் பக்கத்து இரண்டு மூலைகளை ஜன்னல் கம்பியில் கட்டினோம். தெருப் பக்கத்தில் ஒரு மூலையைப் பிரியா பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இப்படியா? இப்படிப் பிடிச்சாப் போதுமா?" என்று கேட்டுக் கேட்டுப் பிடித்தாள். இன்னொரு மூலைக்கு ஆள் இல்லை. ஏழுமலை கிட்டே வந்து, "நான் திரும்பி நின்னுகினு புடிக்கட்டாம்மா?" என்று கேட்டான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் சட்டம் அது, அக்கா. நான் எப்படி மீறுவேன்? சண்முகத்தின் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அதன் கைப்பிடியில் கட்டினேன்.

பாதியில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. உன் தெரு எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். லாரி போன காற்றில் துணி உப்பி, ஸ்கூட்டரை இழுத்துச் சாய்த்துவிட்டது. அந்தப் பக்கம் முழுக்க விழுந்தது. லாரியில் தொங்கிக்கொண்டு போன ஆம்பளைகள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள், ராத்திரி வேலை முடிந்து தூங்கி எழுந்து எதிர் மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருத்தன். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. நான் உன் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். ஏழுமலை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் துண்டை இரண்டு கையிலும் விரித்துத் தெருவைப் பார்த்து நின்றான். "இன்னா பாக்கறீங்க, போங்கடா!" என்று கத்திக்கொண்டே அழுதான். அவனுக்கு நீ யார்? ஆறேழு தடவை சாவு வீட்டு வாசலில் பார்த்த பழக்கம்.

எத்தனை பொம்பளைகளை ஊர் கண்ணில் படாமல் அனுப்பி வைத்தவள் நீ. உன்னை நான் இப்படி அனுப்பி வைத்தேன்.

விழா முடிந்து மூன்றரை மணிக்கு எல்லோரும் வந்தார்கள், கத்தரிப்பூ கலரில். நாங்கள் உன்னை எரித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தோம். பூட்டியிருந்த கதவுக்கு மாலை போட்டு, முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சண்முகம்தான் சொன்னார். கேடயம் எதற்குத் தெரியுமா? ஆதரவில்லாத பெண்களின் உடலைக் குளிப்பாட்டி அனுப்புகிற சேவைக்கு. தலைவி மைக்கில் பேசியதைச் செல்வி வீடியோ எடுத்திருந்தாள். "ஒரு பெண்ணுக்குக் கடைசி மறைப்பு நாங்கள்தான்" என்று கையை விரித்துச் சொல்கிறாள். கைத்தட்டல். வீடியோ எடுத்த நேரம் பன்னிரண்டு பத்து. இதற்கு மேல் நான் ஒன்றும் எழுத வேண்டாம்.

செல்வி ஒன்பதாம் நாள் வந்து என் காலைப் பிடித்தாள். அவள் அம்மாவைக் குளிப்பாட்டியது நீதானே. ஒரு வருஷம் எந்த வீட்டில் கூப்பிட்டாலும் வெயில் படுகிற மூலை அவளுக்கு என்று சொன்னேன். வாய் திறக்காமல் நிற்கிறாள். ஜெயா டீச்சரை, கூட்டத்தில் எழுந்து, "நான் மூணாவது வரிசையில ஒக்காந்திருந்தேன், மெசேஜைக் கேட்டேன், எழுந்து வரல" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வைத்தேன். சொன்னார். நான் பரிதாபப்படவில்லை, ஆனால் அதோடு விட்டுவிட்டேன். பிரியா மன்றத்தில் சேர்ந்துவிட்டாள், அக்கா. போன மாதம் குத்தம்பாக்கம் வரைக்கும் வந்து மூலை பிடித்தாள். விளிம்பை மிதிக்கிறாள்.

தலைவி மட்டும் வரவில்லை. நானும் அவளுக்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. அவளுடைய அம்மா போய்விட்டார்கள். காலையில் போன். "பூங்காவனம்மா, அம்மா தவறிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்கதான் வரணும்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? புடவை மாற்றும்போதே முடிவு பண்ணிவிட்டேன். தெருப் பக்கத்து மூலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது. நடுவில் கையை விட்டுவிடுவது. அவ்வளவுதான். "கை வழுக்கிடுச்சு" என்றால் யார் என்ன கேட்க முடியும்?

ஃபிளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில் குளிப்பாட்ட ஏற்பாடு. வாட்ச்மேன், டிரைவர்கள், மாடி வீட்டு ஆம்பளைகள், ஒரு கூட்டமே நின்றது. மன்றத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள், ஒருத்தர் பாக்கி இல்லாமல். நான் கேட்ட மூலை எனக்குக் கிடைத்தது. துணியைப் பிடித்தேன். உள்ளே பார்த்தேன். அந்தக் கிழவியின் கால் விரல் பத்திலும் சிவப்பு நகப்பூச்சு. கொள்ளுப் பேத்தி போட்டுவிட்டிருப்பாள் போல, நகத்தைத் தாண்டித் தோலெல்லாம் அப்பியிருந்தது. அந்தக் காலை நான் எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும்? அந்தம்மாவுக்கும் எனக்கும் என்ன பகை?

கை விடவில்லை. ஆனால் மகளைச் சும்மா விட்டுவிடவும் மனசு வரவில்லை. தூணோரம் தலைவி அழுதுகொண்டு நின்றாள்.

"இங்க வா" என்றேன்.

"நானா?"

"நீதான். வந்து மூலையப் புடி."

"எனக்குப் பழக்கமில்ல பூங்காவனம்மா…"

"மைக்ல மட்டும் பழக்கம் கீதா? வா."

செல்வி பக்கத்து மூலையிலிருந்து, "யக்கா, வுடுக்கா, அவங்க பெத்த அம்மா படுத்துகினு கீறாங்க" என்றாள்.

"அதுக்குத்தான்மே கூப்புடுறேன். பெத்த அம்மாவுக்காவது புடிக்கட்டும்."

அவள் வந்தாள். துணியை அவள் கையில் கொடுத்தேன். விளிம்பை மிதிக்கத் தெரியவில்லை. அவள் காலை என் காலால் தள்ளி வைத்துச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இறுக்கிப் புடி. தேவகி அக்காவக் குளிப்பாட்டறப்போ இந்த மூலைக்கு ஆள் இல்ல. ஸ்கூட்டர்ல கட்டினேன். வுழுந்துடுச்சி."

பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, மணிக்கட்டில் தண்ணீர் ஊற்றிச் சூடு பார்த்து, அவள் அம்மாவைக் குளிப்பாட்டினேன். முடிகிற வரைக்கும் ஒரு பக்கத்துத் துணி மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. விலகவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அவள் வந்து என் கையைப் பிடித்தாள். அப்போது மட்டும் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால், "எனக்கு மேடைதான் பெருசாத் தெரிஞ்சுச்சு" என்று சொல்லியிருந்தால், நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் சொன்னது இது. "அன்னைக்கு போன் சைலன்ட்ல இருந்துச்சு பூங்காவனம்மா. விஷயமே எனக்குத் தெரியாது. தேவகி அக்கா என்னைப் புரிஞ்சிருப்பாங்க."

"நீ அனுப்பின கும்பிடு இன்னும் என் போன்ல கீது" என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டேன்.

நீ புரிந்துகொண்டிருப்பாயா, அக்கா? "வுடுமே, அவ அம்மாவே போய்ட்டா" என்று சொல்லியிருப்பாயா? சொல்லியிருப்பாய். உன்னால் முடியும். லாரிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பு முன்னால் கவிழ்கிறது. உனக்காக மன்னிக்க நீ இருக்கிறாய். எனக்காக யார் மன்னிப்பது?

இதை மலரில் அப்படியே போட வேண்டும். ஒரு வரி வெட்டினாலும் ஆண்டு விழாவில் எழுந்து நின்று நானே படிப்பேன், மைக் தராவிட்டால் மைக் இல்லாமல்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கையில் தெம்பு இருக்கிற வரைக்கும் யார் வாசலிலும் ஒரு மூலை காலியாக இருக்காது. ஆள் குறைந்தால் ஏழுமலையையும் கூப்பிடுவேன், உன் சட்டத்தை நான் மாற்றிவிட்டேன். அவள் எனக்கு முன்னால் போனால் அவளுக்கும் போய் நிற்பேன். விளிம்பை மிதித்துப் பிடிப்பேன். அவள் உடம்பில் ஒரு விரல்கடை ஊர் கண்ணில் படாது. ஆனால் அப்போதும், அவளைக் குளிப்பாட்டி முடித்துத் துணியை மடிக்கிற போதும், நான் மன்னித்திருக்க மாட்டேன். மற்ற இருபத்தொரு பேரும் என்னிடம் வந்து தீர்த்துக்கொண்டார்கள். பாக்கி ஒருத்திதான். சாந்தகுமாரி.

உன் தங்கச்சி,
பூங்காவனம்
காட்டுப்பாக்கம்