ஒரு காது மட்டும் தெரிந்த படம்

கம்பாலா, கலேர்வே
வியாழக்கிழமை

அன்பு மகள் நலுபேகாவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் தோஹாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்கு ஒதுங்கி நின்று, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பதறாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் இருப்பது ஒரே அறை, உன் தம்பி கயீராவுக்கோ பாம்புச் செவி. அதனால்தான் சனிக்கிழமை அங்கே வேலைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கடிதத்தையும் அம்மா இடித்த வேர்க்கடலைப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

தம்பியின் ஒன்பதாவது பிறந்த நாளுக்குப் புதிதாக வந்திருக்கும் பறக்கும் வீரன் படத்தைப் பெரிய தியேட்டரில் காட்டுங்கள் என்று நீதானே அடம் பிடித்தாய். ஒரு நாளாச்சும் உங்க வாயை மூடிக்கிட்டுப் படம் பாருங்கப்பா என்று கேலி வேறு செய்தாய். சரி என்று வீடியோ கொட்டகையை ஒரு நாள் பூட்டிவிட்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இருபத்திரண்டு வருஷமாக மைக்கைப் பிடித்து இங்கிலீஷ் படத்துக்கெல்லாம் நம் லுகாண்டா மொழியில் கதை சொல்லிப் பிழைக்கிறவன், சும்மா உட்கார்ந்து படம் பார்க்கப் போகிறான் என்று தெருவே சிரித்தது. வாடகை போடா பைக்கில் போகும்போது பையன் என் முதுகைத் தட்டி, அங்க யாருப்பா சொல்லுவாங்க, உங்களை விட நல்லாச் சொல்லுவாரா என்று கேட்டான். யாரும் சொல்லமாட்டாங்கடா, படமே பேசும் என்றேன். போங்கப்பா, புளுகாதீங்க என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன் மகளே, எனக்கு என்ன தெரியும்.

உள்ளே இருட்டில் படியில் தடுக்கி விழுந்து சோளப்பொரியை எல்லாம் கொட்டினான், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று திட்டினேன். படம் ஆரம்பித்தது. திரை சுவருக்குச் சுவர் இருக்கிறது, அதில் வீரனும் வில்லனும் ஒரு பாலத்தின் மேல் கட்டிப் புரள்கிறார்கள், ஜனம் கத்துகிறது. இவன் என் சட்டைக் கையை இழுத்து, அப்பா, ஒரு காது தெரியுது, யாரோட காது என்றான். என் பிள்ளையாச்சே, நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். பாலத்தைப் பாருடா என்றால் பாலம் எங்கேப்பா என்கிறான். தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். இப்ப ஒரு கை தெரியுது, இப்ப தண்ணி மட்டும் தெரியுது, இப்ப ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே வந்தான். இது நக்கல் இல்லை.

என்ன செய்வது, அவன் காதோடு வாய் வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தேன். வழக்கம்போல வில்லனுக்கு நம் பேட்டைத் தலைவரின் பெயரை வைத்தேன், அவன் கலகலவென்று சிரித்தான், என் குரலும் ஏறிவிட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு பையன் என் குரலைக் கண்டுகொண்டு திரும்பி, பெரியவரே இது உங்க கலேர்வே கொட்டகை இல்ல, வாயை மூடுங்க என்றான். டார்ச் அடித்துக்கொண்டு தியேட்டர் ஆள் வந்தான். அவனிடம் என்னவென்று சொல்வேன், எனக்கே அப்போதுதானே தெரிகிறது. வாயை மூடிக்கொண்டேன். நிறுத்தாதீங்கப்பா, நீங்க நிறுத்தினா படம் நின்னுபோகுது என்று பையன் அழ ஆரம்பித்தான். வீரன் பாதிப் பாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

வெளியே உட்கார வைத்து, நம்ம கொட்டகையில உனக்கு என்னதாண்டா தெரியும் என்று கேட்டேன். நம்ம டிவி சின்னதுதானேப்பா, முழு ஆளும் தெரிவான், விட்டுப்போனதை நீங்க சொல்லிடுவீங்க, எல்லாருக்கும் அப்படித்தானே என்றான். நலுபேகா, அவன் அத்தனை படத்தையும் வரி விடாமல் ஒப்பிக்கிறானே, என் வாரிசு என்று மைக்கிலேயே பீற்றிக்கொண்டவன் நான். கரும்பலகையைப் பார்த்து எழுதமாட்டேன் என்கிறான் என்று டீச்சர் சொன்னபோது, சோம்பேறி என்று முதுகில் இரண்டு வைத்தேன். அந்தப் பாவத்தை எங்கே போய்த் தொலைப்பேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், கண் டாக்டரம்மா அரை நாள் சோதித்தார். கண்ணுக்குள்ளே இருக்கும் திரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வருகிறதாம். முதல்ல இருட்டுப் பார்வை போகும், அப்புறம் ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வரும் என்றார். கண்ணாடி போட்டாலும் சரியாகாதாம், நிறுத்த இன்றைக்கு அவரிடம் மருந்தில்லையாம். எத்தனை வருஷம் டாக்டர் என்று உன் அம்மா கேட்டாள். சொல்ல முடியாதும்மா என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அம்மா மத்தோக்கே வாழைக்காய் அவிப்பாள், எங்களுக்குப் போடுவாள், தான் தொடமாட்டாள். நீங்கதானே வாய் கிழியப் பேசுறவர், அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க என்கிறாள். ஊரில் ஓடும் படத்தையெல்லாம் அவனுக்குச் சொன்னேன், இதை எப்படியம்மா சொல்வது. பாலத்துல தொங்கினவன் என்ன ஆனான்ப்பா என்று தினமும் கேட்கிறான், நான் பார்க்காத படத்துக்குத் தினம் ஒரு முடிவு சொல்கிறேன். மறுபடி போய் முழுசாப் பாக்கலாம்ப்பா, அந்தத் தடவை நான் நல்லாப் பாத்துக்கறேன் என்கிறான். அதைக் கேட்டதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன்.

இனிதான் இந்தக் கடிதத்தின் காரணம். இது ரத்தத்துல வர்றது, கூடப் பிறந்தவங்க இருக்காங்களா என்று டாக்டரம்மா கேட்டார். இருக்கிறாள், தோஹாவில் ஒரு கிடங்கில் இராக்காவல் பார்க்கிறாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்துவிட்டார். சின்ன வயதில் பொழுது சாய்ந்து மண்ணெண்ணெய் வாங்க அனுப்பினால் நீ இரண்டு தடவை சாக்கடைக்குள் விழுந்தாயே, என் மகள் வாத்து மாதிரி நடக்கிறாள் என்று அதைக்கூடக் கொட்டகையில் சொல்லிச் சிரிக்க வைத்தேனே. அது வெறும் அவசரத்தில் விழுந்ததாகவே இருக்கட்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மகராசியாக இரு. கடவுள் உன் காலுக்கு முன்னால் நடக்கட்டும். லீவு கேட்டு முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போ, வேலை போனால் போகட்டும். அதற்கும் முன்னால், இதைப் படித்த அன்றைக்கே, இருட்டியதும் உன்னோடு காவல் நிற்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு விளக்கில்லாத பக்கமாகப் போய் வானத்தைப் பார். அவள் எத்தனை நட்சத்திரம் எண்ணுகிறாள், நீ எத்தனை எண்ணுகிறாய், இரண்டையும் எனக்கு எழுது. அப்பா மனசு தாங்காது என்று உன் கணக்கைக் கூட்டி எழுதிவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
லுபேகா