சம்பளம் வாங்கிய சிநேகிதிக்கு

நேற்று வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது பன்னீர் வாசம் அடித்தது. சக்கர நாற்காலியை அப்படியே நிறுத்திவிட்டேன். "யக்கா, பைய ஓரமாப் போங்க" என்று பின்னால் வந்த ஆட்டோக்காரர் கத்தினார். நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் கேமரா பை, துப்பட்டா, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அந்த வாசம்தானே! வாரத்துக்கு நாலு கல்யாணம் வீடியோ எடுத்தவள் வேறு எப்படி மணப்பாய்?

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பழசைப் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

மாற்றுத்திறனாளிகள் படம் எடுக்க நிதி தருகிறார்கள் என்ற அறிவிப்பை உன் போனில்தான் முதலில் பார்த்தோம். சேரன்மகாதேவி வயலில் நாற்று நடும் பெண்கள் ஒருவரையொருவர் கேலி பேசுவதை, வயலுக்குள் இருந்தே எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரப்பில் சக்கரம் ஓடாது. "ரோட்டுல இருந்தே எடேன்" என்பார்கள் எல்லாரும். நீ மட்டும், "அங்கன வரைக்கும் நான் தூக்கிட்டுப் போவேன்ட்டி" என்றாய்.

விண்ணப்பத்தோடு என்னை அறிமுகப்படுத்தும் மூன்று நிமிட வீடியோ கேட்டார்கள். தொகுத்தது நீ. கைப்பழக்கம் விடுமா? வானத்திலிருந்து ரோஜா இதழ் கொட்ட, இதய வடிவத்துக்குள் என் முகம் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளைக்கான வட்டம் காலியாக வேறு இருந்தது! அனுப்பிய பிறகுதான் நான் பார்த்தேன்.

"ஏட்டி, நான் நிதி கேக்கேனா, மாப்பிள்ள கேக்கேனா?"

"எது வந்தாலும் லாபம்தானட்டி."

பத்து நாள் கழித்துத் தேர்வுக் குழுவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். வீடியோவைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்து முடித்து, உதவியாளர் செலவு என்ற இடத்தில் சைபர் போட்டிருக்கிறீர்களே, வயலுக்குள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். குறைவாகக் கேட்டால் நல்ல பிள்ளை என்று தந்துவிடுவார்கள் என நினைத்து நாம் போட்ட சைபர் அது. சிநேகிதி தூக்குவாள் என்றேன். அதுவும் வேலைதான், அதற்குரிய சம்பளத்தை எழுதி நாளைக் காலைக்குள் அனுப்பாவிட்டால் திட்டத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

உனக்கு வந்ததே கோபம்! "சிநேகிதத்துக்குக் கூலியா? தூ! எம் பேர எழுதிப் பாரு, ஒம் மூஞ்சில முழிக்க மாட்டேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாய். படம் போய்விடுமே என்ற பயத்தில், அதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொன்னேன்.

"நீ மூச்சு வாங்கத் தூக்குதப்போ, இன்னொரு தடவைன்னு கேக்க எனக்கு வாய் வரமாட்டேங்கு. சரியில்லாத ஷாட்டையும் நல்லாருக்குன்னு சொல்லிருதேன். இதுவரைக்கும் நாம எடுத்ததெல்லாம் அப்படித்தான். நீ சம்பளம் வாங்குட்டி. நான் வாய் தொறந்து கேக்கணும்."

நீ தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாய். பிறகு வந்து உட்கார்ந்து லேப்டாப்பை உன் பக்கம் இழுத்தாய். "எவ்வளவு போடட்டும்? கல்யாண ரேட்டா?" என்றாய். கண் கலங்கியிருந்தது உனக்கு. எனக்கும்தான்.

நிதி வந்தது. முதல் நாள் முதல் ஷாட்டையே ஏழு தடவை கேட்டேன். முழங்கால் சேற்றில் என்னைச் சுமந்துகொண்டு வரப்புக்கும் வயலுக்கும் நடந்தாய், வாய் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டே. நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

"ஏளா, புதுப்பொண்ண எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போற?"

"சம்பளத்துக்குச் சுமக்கேன் ஆச்சி, சும்மாவா?"

வயலே சிரித்தது. என் மடியில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. படத்திலேயே நல்ல காட்சி அதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நீயோ அந்தச் சம்பளத்தில் முதல் வேலையாக முதுகுக்குத் தைலம் வாங்கினாய்.

இப்போது சேதி. இரண்டாவது படத்துக்கும் நிதி கிடைத்துவிட்டது! ஏரல் ஆற்றங்கரையில் எடுக்கிறேன். உதவியாளர் செலவைத்தான் முதலில் நிரப்பினேன். பெயர் எழுதும் இடத்தில் கை தானாக உன் பெயரை எழுதிவிட்டது. அதை அழிக்கும்போது அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

என்னைத் தூக்க வந்திருக்கும் அக்கா அந்த ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர், ரொம்ப நல்ல மாதிரி. முதல் நாளே ஆற்றுப் படியில் என்னை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இத எத்தன தடவ எடுப்பிய?"

"சரியா வர வரைக்கும் எடுப்பேன்க்கா" என்றேன். தயங்கவே இல்லை, தெரியுமா.