ஒரு வாளித் தண்ணீர்

அம்மா,

பக்கத்து வீட்டில் இன்று தரைக்கு மெழுகு போடுகிறார்கள். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை கதவிடுக்கு வழியாக என் கூடத்துக்கு வந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். மற்றவர்களுக்கு அது வசதியான வீடுகளின் வாசனை. எனக்கு உன் கை வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நீ பிசைந்து கொடுத்த சோற்றில்கூடக் கொஞ்சம் இருக்கும்.

கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட் பங்களாவில் முப்பது வருடம் வேலை செய்தாய். சிவப்புத் தரையில் மெழுகைத் தடவி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டைமேல் ஒரு காலை ஊன்றி, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேய்ப்பாய். மூலைகளுக்கு மண்டியிட்டாக வேண்டும். சாப்பாட்டு அறை ஜன்னல்களில் மட்டும் நாற்பத்தெட்டுச் சதுரக் கண்ணாடிகள். "துடைக்கறவளை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கட்டியிருந்தா இத்தனை வெச்சிருப்பாங்களா?" என்பாய். ஆடி மாத மேகம் இறங்கினால் கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த வராது. அலமாரிப் புத்தகங்களில் பூஞ்சை படரும். எறியச் சொன்ன புத்தகங்களை நீ, எஸ்டேட் வேலையாட்களுக்கென்று கொடுத்திருந்த நம் லைன் வீட்டுக்குத் தூக்கி வந்து, களத்தில் காப்பிக் கொட்டைக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்தாய். நான் வாசிக்கப் பழகியது அவற்றில்தான். உன் முழங்கால்கள் தேய்ந்ததும் அதே வருடங்களில்தான்.

வேலையை விட்டால் லைன் வீட்டையும் விட்டாக வேண்டும். வருகிற தை மாதத்தோடு நின்றுகொள்வதாக நீ சொல்லியிருந்தாய். எனக்கு ஏற்காட்டில் வங்கி வேலை நிரந்தரமாகியிருந்தது. ஏரிக்கு மேலே ஏறும் சாலையில் ஆறு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒரே வரிசையில் நிற்கும், கீழும் மேலுமான வீடுகள். ‘எந்த வயதுக்கும் ஏற்ற இல்லம், பராமரிப்புத் தொல்லை இல்லை’ என்றது விளம்பரத் தாள். இரண்டு வாரம் அதைக் கைப்பையில் வைத்திருந்துவிட்டு உன்னிடம் சொன்னேன். நீ வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பெரிய ஊடா கண்ணு?"

"பெருசில்லம்மா. கீழ ஒரு ரூம், மேல ரெண்டு."

"வாங்கறது நீ. அதுக்கு வேலைக்காரி ஆரு, நானா?"

நான் விளம்பரத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

"ஒரு ஊட்டுக்கு முட்டி தேஞ்சது போதும். வந்து பாக்கறேன். சரிப்படலீன்னா உன்ற சித்தப்பன் ஊட்டுல ஒரு மூலையில இருந்துக்கறேன்."

சித்தப்பா வீட்டு மூலை எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரியும். உன்னை அங்கே விடக்கூடாது என்று அன்றே தீர்மானித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். நான் முன்னால் போக, நீ காலைச் சாய்த்துச் சாய்த்துப் பின்னால் வந்தாய். கட்டடக் கம்பெனி சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றார். உன்னைப் பார்த்து, "ஆயா, வேலைக்குத்தானே வந்தீங்க? நாலாம் நம்பர் ஊட்டுக்கு ஆள் கேட்டாங்க. அப்படி உக்காருங்க" என்றார்.

‘இவங்க என் அம்மா.’ சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

நீதான் பேசினாய். "ஊடு எப்படின்னு மொதல்ல பாத்துப்போட்டுச் சொல்றனுங்க சாமி."

அவர் எனக்கு ஏரியைக் காட்டினார். நீ தரையைப் பார்த்தாய். மொசைக் போட்டிருந்தார்கள். உள்ளங்கையால் தடவி, "இது மெழுகு கேக்காது. ஈரத்துணி போதும்" என்றாய். ஜன்னல்களில் ஒரே அகலக் கண்ணாடி. அதற்கும் தலையசைத்தாய். கீழ் அறைக்கு வந்ததும் அவர் ஒப்பித்தார்: "இதை இப்ப ஆபீஸ் ரூமா வெச்சுக்கலாமுங்க. கல்யாணமாகிக் குழந்தை பொறந்தா அதுக்கு. வயசானாப் படியேற வேண்டாம், இங்கயே கட்டிலைப் போட்டுக்கலாம்."

"ஒண்டியா இருக்கறவ ஒண்டியாவே இருந்துக்கறேன்னா?" என்று கேட்டாய்.

அவர் சிரித்தார். "அதுக்கும் ஆகுமுங்க."

"அப்பச் சரி."

என் கல்யாணத்தைப் பற்றி நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்த ‘அப்பச் சரி’யில் எனக்கு எவ்வளவு இடம் விட்டாய் என்று பிறகுதான் புரிந்தது.

அடுத்து, "ஒரு வாளித் தண்ணி வேணுமுங்க" என்றாய். கொத்தனாரின் வாளி வந்தது. கீழ்க் குளியலறை மூலையில் மெதுவாகச் சாய்த்தாய். தண்ணீர் துவாரத்தின் பக்கம் போகவில்லை. சற்றுத் தயங்கி, கதவடியில் நழுவி, நீ படுக்க வேண்டிய அறைக்குள் வந்து நின்றது.

"தரை வாட்டம் இந்தப் பக்கம் சரிஞ்சு இருக்குதுங்க. குளிச்சுப்போட்டுத் தெனமும் ஆராச்சும் குனிஞ்சு துடைச்சுக்கிட்டே இருக்கோணும். தொல்லை இல்லைன்னு தாள்ல போட்டிருக்குதாமே?"

"சின்ன விஷயமுங்க ஆயா."

"குனியறவளுக்குச் சின்னதில்லீங்க."

பிறகு என்னிடம் திரும்பினாய். "ஒடைச்சு வாட்டம் பாத்துப் போடச் சொல்லு. போட்டா நான் வர்றேன்."

திரும்பும்போது பஸ்ஸில், "அவர் ஆயான்னப்பவே நான் சொல்லியிருக்கோணும்மா" என்றேன். நீ வெளியே மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஜன்னலைச் சாத்து கண்ணு. காத்து நொம்ப அடிக்குது."

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. சேலத்துக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தோம். அதுவரை அந்தத் தரையை யாரும் உடைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா உட்கார்ந்து பேசினார். "அவளுக்குன்னுதான ஊடு? அவளே போயிட்டா. ஒண்டிப் பொம்பளைக்கு மாடி ஊடு என்னத்துக்கு? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டுமுங்க சித்தப்பா. நான் வாங்கறேன்."

"ஆரு இருக்கப்போறா அங்க?"

"நான் இருப்பேனுங்க."

சூப்பர்வைசரைத் தேடி நாலு தடவை நடந்தேன். மேலேயே கொஞ்சம் சிமெண்ட் பூசித் தருவதாக ஒருமுறை சொன்னார். "நீங்க மாடியிலதானே இருக்கப்போறீங்க மேடம், கீழ்க் குளியலறை எதுக்கு?" என்று இன்னொரு முறை கேட்டார். எனக்கும் முட்டி தேயும் வயது வரும் என்றேன். உடைத்துப் போடாமல் பத்திரப் பதிவுக்கு வரமாட்டேன் என்றும் சொன்னேன். உரக்கப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னேன். உடைத்தார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். நீ சாய்த்த அதே மூலையில் சாய்த்தேன். தண்ணீர் யோசிக்கவில்லை. நேராகத் துவாரத்துக்குப் போய் இறங்கியது. அறைப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க மேடம்?" என்றார் அவர்.

"என்ற அம்மாகிட்டங்க. நாலாம் நம்பர் ஊட்டுக்கு வேலைக்கு ஆள் வேணும்னு உக்காரச் சொன்னீங்களே, அவங்கதான்."

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். ஐந்து மாதம் தாமதித்துச் சொன்ன சொல். உனக்கு எட்டியிருக்காது. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்த வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

புத்தகங்கள் மாடியில் இருக்கின்றன. கீழ் அறையில் உன் கட்டில் கிடக்கிறது. மழைக்காலத்தில் நான் அங்கேதான் படுக்கிறேன்.

இதுவரை எழுதியபோது கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டில், பளபளப்புக்காக மொசைக் தரைக்கும் மெழுகு போடும் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தார்.

"ஏனுங்க, அங்க குழாயில தண்ணி நின்னுபோச்சு. ஒரு வாளித் தண்ணி கிடைக்குமுங்களா?"

உள்ளே அழைத்தேன். வாளி நிறையும்வரை கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊட்டுக்கு மெழுகு போடறதில்லீங்களா?"

"இல்லீங்க. எங்கம்மா வேண்டான்னுட்டாங்க."