ஐந்து சதவீத இட்லி

அத்தானுக்கு,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். எழுப்பினால் மறுபடி சண்டை வரும் என்று எழுப்பவில்லை. பத்து மணிக்கு உங்கள் கம்பெனியில் உங்களுக்கு லைன் லீடர் பதவிக்கான தேர்வு; சதவீதக் கணக்கு நிச்சயம் வரும்.

நேற்று, "ஒனக்கு என்னட்டி தெரியும்? அஞ்சு சதவீதம்னா 0.5 தான்!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்களே, கொஞ்சம் யோசியுங்கள். சதவீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை. நூற்றுக்கு ஐந்து என்பது 5/100. சுருக்கினால் 1/20, தசமத்தில் 0.05. உங்கள் 0.5 என்பது பாதி, அதாவது ஐம்பது சதவீதம்! ஐந்து சதவீத ரிஜெக்ட் என்றால் இருபது பீஸ் உள்ள ட்ரேயில் ஒன்றுதான் கழிவாகப் போகும். நீங்கள் பத்தைத் தூக்கிப் போட்டால் சூப்பர்வைசர் மயங்கி விழுந்துவிடுவார்.

போகும்போது சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுங்கள். "இன்னாப்பா, நேத்து வூட்ல ஒரே சத்தமா கீதே?" என்று கேட்டால், கணக்குப் பாடம் என்று சொல்லுங்கள்.

இருபது இட்லி அவித்தேன். ஐந்து சதவீதத்தை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன், மிச்சப் பசிக்கு கேண்டீன் இருக்கிறது. மீதி இட்லி உங்களுக்கு, மத்தியானத்துக்கும் சேர்த்து. மூடியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். உங்கள் கணக்குப்படி நான் சாப்பிட்டிருந்தால் பத்துதான் இருக்கும்.

கவியா

பி.கு: சட்னி ஃபிரிட்ஜில்.

இன்னொன்று: விடிகாலையில் தூக்கத்திலேயே போர்வையை இழுத்து என் மேல் போட்டீர்கள். அதனால் கோபம் ஐந்து சதவீதம்தான் மிச்சம். அதையும் 0.5 என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.